சின்ன பிரஷ் மெஷினா, சிங்கிள் டிஸ்க்கா, எக்ஸ்ட்ராக்ஷனா? கார்பெட் வேலைக்கு எதுல காசு போடலாம்

ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவங்க நிறைய பேர் கேக்கிற கேள்வி இது. ஆபீஸ் கார்பெட் வேலை வர ஆரம்பிச்சிருக்கு, கையில சிங்கிள் டிஸ்க் (அடியில ஒரே வட்டத் தட்டு சுத்துற தரை தேய்க்கிற மெஷின்) இருக்கு, டீலர் வந்து ரெண்டு உருளை பிரஷ் வச்ச சின்ன மெஷினைக் காட்டி இது இருந்தா போதும் சார்ங்கிறான், இன்னொருத்தன் ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் (தண்ணியை அடிச்சு உடனே உறிஞ்சுற மெஷின்) இல்லாம கார்பெட் வேலையே கிடையாதுங்கிறான், எதை நம்புறது? ரெண்டு பேரும் பாதி உண்மைதான் சொல்றாங்க. மீதி பாதி எங்க இருக்குன்னு பாக்கலாம். நான் எழுதுறது சென்னையை மனசுல வச்சு, அதுவும் ஓஎம்ஆர் மாதிரி ஐடி ஆபீஸ் கார்பெட் டைல், ஹோட்டல் ரூம், ஆடிட்டோரியம் இந்த மூணு வேலையையும் வச்சு. வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமான்னு பாக்கிறவங்களுக்கு இது அவ்வளவா உதவாது.

முதல்ல எதை வச்சு அளக்கணும்

விலையை வச்சு ஆரம்பிக்காதீங்க. நான் பாக்கிற வரிசை இது.

முதல்ல, உங்களுக்கு யார் காசு குடுக்கிறாங்க, அவங்க தரையில என்ன கார்பெட் இருக்கு. ஆபீஸ்ல பெரும்பாலும் 50 க்கு 50 செமீ டைல், நைலான் இல்லன்னா பாலிப்ரொப்பிலீன், அடியில பிவிசி இல்லன்னா பிட்டுமன் பேக்கிங். ஹோட்டல்ல சுவத்துக்கு சுவர் ரோல் கார்பெட், சில இடத்துல கம்பளி கலந்தது. கையால பின்னின பதோஹி, காஷ்மீர் கார்பெட்னா அது வேற உலகம், இங்க பேசற எந்த மெஷினும் அதுல ஏறக்கூடாது.

ரெண்டாவது காயுற நேரம். இதை நிறைய பேர் கடைசியா யோசிக்கிறாங்க, சென்னையில இதுதான் வேலையைத் தீர்மானிக்குது. சனிக்கிழமை ராத்திரி வேலை குடுப்பாங்க, ஆனா ஏசியை ஆஃப் பண்ணிட்டு போயிடுவாங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்துல ஈரம் அப்படியே நிக்கும், திங்கள் காலையில ஆள் உள்ள வரும்போது நாத்தம் அடிச்சா அதோட அந்த கிளையன்ட் போச்சு.

அப்புறம் ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல எவ்வளவு முடிப்பான், புது ஆளை நிறுத்தினா ஓட்டுவானா, லிஃப்ட்ல ஏறுமா, ஆம்னி வேன்ல போகுமா, அதே மெஷின் வேற வேலைக்கும் ஆகுமா, ஸ்பேர் எத்தனை நாள்ல வரும். கடைசி கேள்வியை சாதாரணமா நினைக்காதீங்க, இறக்குமதி மெஷினுக்கு ஒரு பெல்ட் வர்றதுக்குள்ள ஒரு மாச பில்லிங் போயிடும்.

சின்ன உருளை பிரஷ் மெஷின்

ரெண்டு உருளை பிரஷ், ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில சுத்தும். ட்ரேடுல சிஆர்பி, அதாவது கவுன்டர் ரொட்டேட்டிங் பிரஷ்னு சொல்வாங்க. 10 இன்ச்ல இருந்து 20 இன்ச் வரைக்கும் அகலம் இருக்கு, காம்பாக்ட்னு விக்கிறது 10 முதல் 15 இன்ச் சைஸ். எதிரெதிரா சுத்துறதால மெஷின் ஒரு பக்கமா இழுக்காது, முன்னாடி தள்ளு பின்னாடி இழு, அவ்வளவுதான். நேத்து சேர்ந்த பையன் கூட அரை மணி நேரத்துல பழகிடுவான். ரெண்டு பிரஷும் நாரை ரெண்டு பக்கத்துல இருந்தும் சீவி நிமிர்த்தும், உள்ள கிடக்கிற மணல், முடி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் மேல வந்து பக்கத்துல இருக்கிற ட்ரேல விழும். தண்ணி கெமிக்கல் எதுவும் இல்லாம வெறுமனே ஓட்டினாலே ட்ரேல விழுறதைப் பாத்து அட்மின் ஆளுக்கு முகம் மாறும். வேலையை விக்கிறதுக்கு அந்த ட்ரே போதும், பேச்சு தேவையில்லை.

ஈரமா பண்றப்போ இதோட சேர்ற முறை என்கேப்சுலேஷன். கெமிக்கல்ல ஒரு பாலிமர் இருக்கும், அது அழுக்கைச் சுத்திப் பிடிச்சு காய்ஞ்சதும் பொடியா நொறுங்கும், அடுத்தடுத்த வேக்யூம்ல வெளிய வந்துடும். தண்ணி ரொம்ப கம்மி, அதனால ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கார்பெட் மேல நடக்கலாம், மழை நாள்ல இன்னும் கொஞ்சம் ஆகும். இதே மெஷின்ல ட்ரை காம்பவுண்டும் போடலாம், லேசா ஈரமான தூள் மாதிரி இருக்கும், தூவி, பிரஷ் ஓட்டி, கொஞ்ச நேரம் விட்டு வேக்யூம் பண்றது. அமெரிக்காவுல ஹோஸ்ட்னு ஒரு கம்பெனி இதையே தொழிலா வச்சிருக்கு.

ஐடி ஆபீஸுக்கு இது ஏன் பொருந்துதுன்னா, அங்க டைலுக்கு அடியில பெரும்பாலும் ரெய்ஸ்டு ஃப்ளோர் (தரைக்கு மேல இடைவெளி விட்டு போட்ட பலகைத் தளம்), அதுக்குள்ள கரன்ட் ஒயர், நெட்வொர்க் கேபிள், ஃப்ளோர் பாக்ஸ். டைல் ஜாயின்ட் வழியா தண்ணி இறங்குச்சுன்னா கார்பெட் பிரச்சனை எலெக்ட்ரிக்கல் பிரச்சனை ஆயிடும். தண்ணி கம்மியா போற முறைக்கு அங்க மதிப்பே தனி.

இப்போ மறைஞ்சிருக்கிற செலவுக்கு வரேன், டீலர் இதைச் சொல்ல மாட்டான். இந்த மெஷின் அழுக்கைக் கிளப்பும், வெளிய எடுக்காது. ட்ரேல விழுறது பெரிய சாமான் மட்டும்தான், நுண்ணிய மண்ணும் காய்ஞ்ச பாலிமரும் வெளிய போகணும்னா பீட்டர் பிரஷ் (சுத்தி கார்பெட்டைத் தட்டிவிடுற உருளை) வச்ச, நிமிர்ந்து நிக்கிற நல்ல அப்ரைட் வேக்யூம் வேணும். நம்ம ஊர்ல நிறைய டீம்கிட்ட இருக்கிறது டிரம் மாதிரி வெட் அண்ட் டிரை வேக்யூம், அதுல வர்ற ஃப்ளோர் டூல் கார்பெட் மேல சும்மா வழுக்கிட்டு போகும். கார்பெட்ல இருக்கிற அழுக்குல பெரும்பகுதி உலர்ந்த மண்ணுதான், அதை முன்னாடியே எடுக்காம கெமிக்கலைப் போட்டா சேறு கலக்கிறதுக்கு காசு வாங்கின மாதிரிதான். அதனால பிரஷ் மெஷின் விலைன்னு கோட்டேஷன்ல பாக்கிற தொகையோட ஒரு அப்ரைட் வேக்யூம் விலையையும் சேர்த்து மனசுல வையுங்க.

ரெண்டாவது, பிரஷ் செட். தேயுற சாமான் அது. கம்பளிக்கும் கட் பைலுக்கும் (நுனி வெட்டின நார்) சாஃப்ட், ஆபீஸ் லூப் டைலுக்கு (நுனி வெட்டாம வளைஞ்ச நூல்) மீடியம், டைல்ஸ் இடுக்குல இருக்கிற க்ரௌட்டுக்கும் எஸ்கலேட்டருக்கும் ஹார்டு, ஆக ரெண்டு செட்டாவது வேணும். கலர் கோடு கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரு பிராண்டோட நீலத்தை இன்னொண்ணோட நீலம்னு நினைச்சுடாதீங்க.

மூணாவது ஆபத்து லூப் பைல். எங்கயாவது ஒரு நூல் கிளம்பி நின்னு அதை பிரஷ் பிடிச்சா ஒரு வரிசையே உருவிட்டு வந்துடும். வேலைக்கு முன்னாடி நடந்து பாத்து நீட்டிட்டு நிக்கிற நூலை கத்தரியால வெட்டணும், கையால இழுக்கக் கூடாது. குஞ்சம் வச்ச விரிப்புக்கு கிட்டயே போகாதீங்க. ஒரே இடத்துல நிறுத்தி ஓட்டினாலும் நார் பொங்கிடும்.

வேகம் எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போடலாம். 17 இன்ச் மெஷின்ல ஓவர்லாப் போக 35 செமீ நிகர அகலம், நிமிஷத்துக்கு 20 மீட்டர் நடை, ஒவ்வொரு பட்டையிலயும் போக வர நாலு தடவை. 0.35 பெருக்கல் 20, வகுத்தல் 4, நிமிஷத்துக்கு 1.75 சதுர மீட்டர், மணிக்கு 105, அதாவது கிட்டத்தட்ட 1,130 சதுர அடி. நாற்காலி நகர்த்துறது, கேபிள் மாத்துறது, ஸ்ப்ரே பண்றது எல்லாம் போக பாதின்னு வைங்க. 10 இன்ச் மெஷின்ல நிகர அகலம் 20 செமீதான் வரும், அதே கணக்குல மணிக்கு 60 சதுர மீட்டர், அதுல பாதி 30, சுமார் 320 சதுர அடி. ப்ரோஷர்ல போட்டிருக்கிற எண்ணை வச்சு ரேட் கோட் பண்ணினா கையைக் கடிக்கும். காம்பாக்ட்டோட லாபம் வேகத்துல இல்லை, வொர்க் ஸ்டேஷன் இடுக்குல, படிக்கட்டுல, கான்ஃபரன்ஸ் டேபிளுக்கு அடியில போறதுலதான். 20,000 சதுர அடி ஃப்ளோரை மாசாமாசம் எடுக்கிறீங்கன்னா 10 இன்ச் வாங்காதீங்க.

அதைப் பராமரிக்கிறது

இதைத் தனியா எழுதுறேன், ஏன்னா மூணு ஆப்ஷன்லயும் கவனிக்காம விட்டா சீக்கிரம் கெட்டுப்போறது இந்த மெஷின்தான், கவனிச்சா ரொம்ப நாள் உழைக்கிறதும் இதுதான்.

வேலை முடிஞ்ச ராத்திரியே ரெண்டு பிரஷையும் கழட்டணும். பெரும்பாலான மாடல்ல டூல் இல்லாமலே வரும். முடியை வெட்டி எடுத்து, இரும்புச் சீப்பால சீவி, தண்ணியில அலசி, நிக்க வச்சோ தொங்க விட்டோ காய வைக்கணும். பிரஷ் மாட்டினபடி மெஷினைத் தரையில நிறுத்தி வச்சுட்டு போனா மொத்த வெயிட்டும் பிரஷ் நார் மேல உக்காந்து ஒரு பக்கம் சப்பையாயிடும், அப்புறம் ஓட்டும்போது தட் தட்னு குதிக்கும். போக்குவரத்து சக்கரம் குடுத்திருக்கிறதே அதுக்குத்தான், நிறுத்தி வைக்கவும் அதைப் பயன்படுத்துங்க.

உண்மையான எதிரி முடி. பிரஷ் நடுவுல சுத்துற முடி கண்ணுக்குத் தெரியும், ஓரத்துல பேரிங் பக்கம் போய் நுழையுறது தெரியாது. அது சீலை அறுத்து உள்ள போனா தண்ணியும் கெமிக்கலும் பின்னாடியே போகும், பேரிங் காலி. மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சு ரெண்டு முனையையும் பாருங்க. பெல்ட் டிரைவா இருந்தா அந்த கவரையும் கழட்டி தூசியைத் தட்டிட்டு பெல்ட்ல விரிசல் இருக்கான்னு பாத்துடலாம். ரெண்டு பிரஷும் ஒரே மாதிரி தேயறதுக்கு அப்பப்போ இடம் மாத்தி மாட்டுங்க, எந்தப் பக்கம் எதுன்னு மேனுவல்ல பாத்துட்டு.

மெஷின்லயே ஸ்ப்ரே டேங்க் இருக்கிற மாடல்னா என்கேப் கெமிக்கல் நாசில்ல காய்ஞ்சு அடைச்சுக்கும். வேலை முடிஞ்சதும் ஒரு லிட்டர் வெறும் தண்ணியை ஓட விட்டாலே போதும். அடைச்ச பிறகு குண்டூசியை விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாகி ஸ்ப்ரே ஒழுங்கா விரியாது, வெதுவெதுப்பான தண்ணியில ஊற வையுங்க. போர் தண்ணி, லாரி தண்ணி பயன்படுத்துறவங்களுக்கு உப்பும் சேர்ந்து படியும், அப்பப்போ நீர்த்த வினிகர்ல ஊற வச்சு அலசிடுங்க.

மோட்டார் சூடாகி ட்ரிப் ஆகுதுன்னா உடனே மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க. பெரும்பாலும் பிரஷ் உயரம் ரொம்ப இறக்கி வச்சிருப்பாங்க, அடர்த்தியான கட் பைல்ல அது மோட்டாரைப் பிடிச்சு இழுக்கும். பிரஷ் நார் நுனி கார்பெட்டுக்குள்ள இறங்கினா போதும், அழுத்தித் தேய்க்கிற வேலை இல்லை இது. எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் இருக்கணும், ரீல்ல சுத்தி இருக்கிறதை முழுசா பிரிச்சுட்டு ஓட்டணும், ஈர வேலைங்கிறதால 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) உள்ள லைன்ல இருந்துதான் எடுக்கணும். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள தேயுற கார்பன் துண்டு) உள்ள மோட்டாரா, இன்டக்ஷன் மோட்டாரான்னு வாங்கும்போதே கேளுங்க, கார்பன் இருந்தா ஒரு ஜோடி ஸ்பேர் கையில இருக்கணும்.

சிங்கிள் டிஸ்க், அடியில பானெட் பேட்

17 இன்ச், 150 முதல் 175 ஆர்பிஎம், 40 கிலோ பக்கம் வெயிட். இது ஏற்கனவே உங்ககிட்ட இருக்கும், அதுதான் இதோட பெரிய பலம். கிரானைட், டைல்ஸ், பேன்ட்ரி தரை எல்லாத்துக்கும் ஓடுற மெஷின், ஒரு பானெட் பேட் (அழுக்கைத் துடைச்சு எடுக்கிற வட்டமான துணி பேட்) வாங்கினா கார்பெட்டுக்கும் ஆச்சு. முதலீடு கம்மி, ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடைக்கும், ரிப்பேர் பண்ண ஆள் இருக்கான். வேகமும் இருக்கு.

பிரச்சனை என்னன்னா ஒரே திசையில சுத்தும். ஹேண்டிலைக் கொஞ்சம் தூக்கினா ஒரு பக்கம் போகும், இறக்கினா மறு பக்கம் போகும், பழகாத ஆள் கையில குடுத்தா மேஜை காலை உடைச்சுட்டு வருவான். கட் பைல் கார்பெட்ல வட்ட வட்டமா தடம் விழும், நார் முறுக்கு பிரியும், சில கார்பெட் கம்பெனிங்க பராமரிப்புக் குறிப்புலயே பானெட் வேண்டாம்னு போட்டிருக்காங்க, வாரண்டி உள்ள புது ஆபீஸ்னா அதைப் படிச்சுட்டு தொடுங்க. பானெட் மேல்மட்டத்தைத்தான் துடைக்கும், பேட் அழுக்கானதும் திருப்பி மாத்தாம ஓட்டினா ஒரு இடத்து அழுக்கை இன்னொரு இடத்துல பூசிட்டு வர்றதுதான். ஒரு ஃப்ளோருக்கு ஒரு பேட் எடுத்துட்டு போற டீமைப் பாத்திருக்கேன், அவங்க கிளையன்ட் ரெண்டாவது மாசமே கார்பெட் சீக்கிரம் அழுக்காகுதுன்னு புகார் சொல்வார். பேட் நிறைய வாங்கணும், துவைக்கணும், காய வைக்கணும், மறைஞ்ச செலவு அதுதான்.

இருந்தாலும் லூப் டைல் உள்ள ஆபீஸ்ல, கை பழகின ஆபரேட்டர் இருந்தா, நடுவுல நடுவுல பண்ற மேலோட்டமான வேலைக்கு இது மோசம் இல்லை. கார்பெட் வேலை மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வருதுன்னா இதுலயே ஓட்டுங்க, புதுசா எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன்

மூணுல உண்மையிலேயே அழுக்கை உள்ள இருந்து வெளிய எடுக்கிறது இது ஒண்ணுதான். தண்ணியை அடிச்சு உடனே உறிஞ்சும். கொட்டின சாம்பார், வாந்தி, குழந்தை மூத்திரம், ஹோட்டல் சோபா இதுக்கெல்லாம் பிரஷ் மெஷினை எடுத்துட்டுப் போனா அசிங்கப்படணும். அமெரிக்காவுல கார்பெட் துறைக்காரங்க வீட்டுக் கார்பெட்டுக்கு 12 முதல் 18 மாசத்துக்கு ஒரு தடவை ஆழமான க்ளீனிங் சொல்றாங்க, பல கம்பெனிங்க அதுக்கு ஹாட் வாட்டர் எக்ஸ்ட்ராக்ஷனைத்தான் கேக்குது.

ஆனா மெதுவு. 10 லிட்டர் டேங்க் வச்ச சின்ன மெஷின், உதாரணத்துக்கு கார்ச்சர் பஸ்ஸி 10/1, மணிக்கு 20 முதல் 25 சதுர மீட்டர், 215 முதல் 270 சதுர அடிதான். நிமிஷத்துக்கு சுமார் ஒரு லிட்டர் அடிக்கும், அப்போ டேங்க் பத்து நிமிஷ ஸ்ப்ரேல காலி, அழுக்குத் தண்ணியை வாஷ்ரூமுக்குத் தூக்கிட்டு போய் கொட்டிட்டு திரும்பவும் நிரப்பிட்டு வரணும், அதுக்கே ஒரு ஆள் வேணும். இதை யாரும் கோட்டேஷன்ல போட மாட்டாங்க.

காய ஆறு மணி நேரத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் ஆகலாம். ஏர் மூவர் ஃபேன் வாங்கணும், இல்லன்னா பில்டிங்ல பேசி ஏஹெச்யுவை (ஏசி காத்தை ஃப்ளோருக்கு அனுப்புற யூனிட்) ராத்திரி ஓட விடணும். மெதுவா காயும்போது அடியில இருக்கிற டீ கறை நார் வழியா மேல ஏறி வரும், நீங்க போனப்புறம் மறுபடி தெரியும். சணல் பேக்கிங் உள்ள கார்பெட்டை அதிகமா நனைச்சா பழுப்பு கட்டும். கம்பளின்னா காரத்தன்மை அதிகமான கெமிக்கல் போடவே கூடாது. ரெய்ஸ்டு ஃப்ளோர் கதையை மேலயே சொல்லிட்டேன்.

ஒரே பார்வையில

| | சின்ன பிரஷ் மெஷின் | சிங்கிள் டிஸ்க் + பானெட் | ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் |
|---|---|---|---|
| நல்லா பொருந்துற இடம் | ஆபீஸ் டைல், படி, இடுக்கு | திறந்த ஹால், லூப் டைல் | ஹோட்டல் ரூம், சோபா, கொட்டின கறை |
| காயுற நேரம் | 1–2 மணி | 1–3 மணி | 6 மணியில இருந்து ஒரு நாள் |
| மணிக்கு | 10 இன்ச்ல 300 சதுர அடி பக்கம், 17ல 550 | கை பழகினா 17 இன்ச் பிரஷ் மெஷினுக்கு ஈடு | 215–270 சதுர அடி |
| புது ஆள் ஓட்டலாமா | அரை மணி நேரம் போதும் | பயிற்சி கட்டாயம் | ஓட்டலாம், மெதுவா உறிஞ்சக் கத்துக்கணும் |
| வேற வேலை | டைல்ஸ் க்ரௌட், எஸ்கலேட்டர் | எல்லா கல் தரையும் | மெத்தை, கார் சீட் |
| மறைஞ்ச செலவு | அப்ரைட் வேக்யூம், பிரஷ் செட் | பேட், துவைக்கிற கூலி | ஃபேன், தண்ணி தூக்கிற ஆள் |
| ஸ்பேர் | இறக்குமதி, லேட் ஆகும் | எங்கயும் | பெரிய பிராண்டுன்னா பரவாயில்லை |

அப்போ யாருக்கு எது

ஆபீஸ் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு காண்ட்ராக்ட்) ரெண்டு மூணு கையில இருக்கு, எல்லாம் டைல், வேலை ராத்திரி ஷிஃப்ட். கேள்வியே இல்லை, உருளை பிரஷ் மெஷின் பிளஸ் அப்ரைட் வேக்யூம். அகலம் 15 அல்லது 17 பாருங்க, 10 இன்ச்சை ரெண்டாவதா வாங்கலாம். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா வேக்யூமை முதல்ல வாங்குங்க, நல்ல வேக்யூமும் கையில இருக்கிற சிங்கிள் டிஸ்க்கும் சேர்ந்து குடுக்கிற ரிசல்ட், மோசமான வேக்யூமோட வர்ற புது சிஆர்பியை விட நல்லா இருக்கும்.

ஹோட்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட், வீட்டு சோபா வேலைன்னா எக்ஸ்ட்ராக்ஷன்தான் முதல். ஹோட்டல் காரிடாருக்கு மட்டும் பிரஷ் மெஷின் கை குடுக்கும், ஏன்னா காரிடாரை ஆறு மணி நேரம் மூடி வைக்க முடியாது.

ஆடிட்டோரியம், சினிமா தியேட்டர் சைடுல மாட்டினவங்களுக்கு, பாப்கார்ன் எண்ணெயும் கோலாவும் சேர்ந்த இடம் அது, அங்க ரெண்டும் வேணும்: பிரஷ் மெஷினால கெமிக்கலைத் தேய்ச்சு இறக்கி, எக்ஸ்ட்ராக்ஷனால உறிஞ்சறது. இப்படி ரெண்டையும் சேர்த்தா எக்ஸ்ட்ராக்ஷன் மட்டும் பண்றதை விட நல்லா வரும், தண்ணியும் குறையும். ரெண்டாவது மெஷினை அந்த வேலைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்க முடியுமான்னு முதல்ல விசாரிங்க.

தரை வேலை 80%, கார்பெட் 20%ன்னா சிங்கிள் டிஸ்க்கை விட்டு நகராதீங்க.

டெமோ கேக்கும்போது

டீலர் ஷோரூம்ல விரிச்சு வச்சிருக்கிற துண்டு கார்பெட்ல பாக்காதீங்க, உங்க கிளையன்ட் ஆபீஸ்ல பேன்ட்ரி வாசல், லிஃப்ட் முன்னாடி, இந்த ரெண்டு இடத்துல ஓட்டச் சொல்லுங்க. பிரஷை அவன் முன்னாடியே நீங்க கழட்டி மாட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா உங்க பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு அதைக் கழட்ட மாட்டாங்க. அவன் குடுக்கிற என்கேப் கெமிக்கலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடித் தட்டுல ஊத்தி ராத்திரி காய விடுங்க, காலையில நகத்தால சுரண்டினா பொடியா உதிரணும், பிசுபிசுன்னு ஒட்டினா அந்த கேன் வேண்டாம், கார்பெட்லயும் அப்படித்தான் ஒட்டி அழுக்கை இழுக்கும். மெஷின் கோட்டேஷன்லயே ரெண்டு பிரஷ் செட், ஒரு பெல்ட் இதோட விலையையும் எழுதி வாங்கிடுங்க, ஸ்பேர் எங்க ஸ்டாக் இருக்குங்கிற கேள்விக்கு சென்னைன்னோ பெங்களூருன்னோ பதில் வரணும், கம்பெனில கேட்டு சொல்றேன் சார்னு வந்தா அடுத்த டீலரைப் பாருங்க.